பல் போனால் சொல் மட்டுமா போகும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் கிரிக்கெட். ஸ்டம்புக்குப் பதில் செங்கல் அடுக்கு. ஆனால், பந்து மட்டும் நிஜமான கார்க் பந்து! "டென்னிஸ் பால்ல ஆடறதெல்லாம் சின்னப் பசங்க" என்று பிள்ளைகளுக்குள் ஒரு கௌரவம்.

என் அக்கா மகனுக்கு அப்போது பதினோரு வயசு. அன்றைக்கு அவன்தான் விக்கெட் கீப்பர். பேட் விளிம்பில் பட்டுத் திரும்பிய பந்து நேரே வாயில். ரத்தம், அழுகை, வீட்டு வாசலில் கூட்டம். எல்லாம் அடங்கி வாயைக் கொப்பளிக்க வைத்துப் பார்த்தால், மேல்வரிசை முன்பல் ஒன்றைக் காணோம். கூட ஆடிய பையன் ஒருவன் மண்ணில் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். வேரோடு முழுசாக இருந்தது பல்.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். பேப்பரில் மடித்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். "பால்பல்லா இருந்தா சாணியில உருட்டிக் கூரை மேல போட்டுடலாம். இது நிலையான பல்லாச்சே, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் டாக்டர் கிளினிக் திறந்திருக்கும்? ஒரு வழியாக ஒரு டாக்டரைப் பிடித்தபோது நாலு மணி நேரம் ஓடிப் போயிருந்தது.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "அடடா... இதை ஒரு டம்ளர் பால்ல போட்டு உடனே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றார். 

பாலிலா? நாங்கள் திருதிருவென்று முழித்தோம்.

பல்லைத் திரும்ப நட்டு, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்டினார். "இது ரொம்ப வருஷம் நிக்காது. நின்ன வரைக்கும் லாபம்" என்றும் சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. காய்ந்து போய் நடப்பட்ட பல், எலும்போடு ஒட்டிக்கொண்டது. தாடை வளர வளர மற்ற பற்கள் கீழே இறங்க, இது மட்டும் மேலேயே நின்றது. உள்ளே வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு தின்றுவிட்டது. மூன்று வருஷத்தில் எடுத்துவிட வேண்டியதாயிற்று. இம்ப்ளான்ட் வைக்கலாமா என்றால், தாடை வளர்ச்சி நின்றபிறகுதான், அதாவது பதினெட்டு, இருபது வயசு தாண்டித்தான் வைக்கலாம் என்கிறார்கள். அதுவரை கழற்றி மாட்டுகிற ஒற்றைப்பல் செட். பிளஸ் டூ குரூப் போட்டோவில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பவன் அவன் ஒருவன்தான்.

அன்றைக்கு டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "காலுக்கு பேட் கட்டறான். கைக்கு க்ளவுஸ் போடறான். பல்லுக்கு மட்டும் ஒண்ணும் போட மாட்டானா?"

பல்லுக்குப் போடுவதா? அப்படி ஒன்று இருக்கிறதா? உண்டு. மவுத் கார்டு என்பார்கள். பாக்ஸிங்காரர்கள் கம் ஷீல்டு என்பார்கள். நாம் பல் கவசம் என்று வைத்துக்கொள்வோமே.

ஏன் எப்போதும் முன்பல்?

விழுந்தாலும் சரி, அடி பட்டாலும் சரி, முதல் பலி மேல்வரிசையின் நடு இரண்டு பற்கள்தான். முகத்தில் மூக்குக்கு அடுத்தபடி முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பது அவைதானே! எத்துப்பல் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உதடு முழுசாக மூடாததால், அடியை வாங்கிக்கொள்ள நடுவில் சதைகூட இல்லை.

இந்தப் பற்கள் ஏழெட்டு வயசில் முளைக்கின்றன. அதே வயசில்தான் சைக்கிள், ஸ்கேட்டிங், கராத்தே க்ளாஸ், தெருக் கிரிக்கெட் எல்லாம் ஆரம்பமாகின்றன! இதற்கு மேல் முளைக்க வேறு பல் கிடையாது. கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டால் கூடிவிடும். பல்லின் மேலோடான எனாமல் உடைந்தால் உடைந்ததுதான். அதைத் திரும்ப உண்டாக்கும் வித்தை உடம்புக்குத் தெரியாது.

சிறுபிள்ளைகள் சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் இலங்கையில் நடந்த லங்கா பிரீமியர் லீக் ஆட்டத்தில் சமிக கருணாரத்ன ஓடிப் போய் ஒரு கேட்ச் பிடித்தார். பந்து முதலில் விழுந்தது அவர் வாயில். நாலு பல் போயிற்று. கேட்ச்சை மட்டும் விடவில்லை, மனுஷன்!

அது எப்படிக் காப்பாற்றுகிறது?

மவுத் கார்டு என்பது மேல்வரிசைப் பற்களை மூடுகிற ரப்பர் மாதிரியான ஓர் உறை. (கீழ்த்தாடை முன்னால் தள்ளி இருப்பவர்களுக்குச் சில சமயம் கீழ்வரிசைக்குச் செய்வதுண்டு.) ஒரு முழங்கையோ பந்தோ வந்து இடிக்கும்போது, அந்த வேகத்தில் ஒரு பங்கை உறை வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தை ஒரே பல்லில் இறக்காமல் வரிசை முழுக்கப் பரப்பிவிடுகிறது. மோவாயில் குத்து விழுந்தால் கீழ்ப்பற்கள் மேல்பற்களில் மோதும் அல்லவா? அப்போது நடுவில் மெத்தையாக நிற்கிறது. உதடும் நாக்கும் சொந்தப் பல்லாலேயே கிழிபடாமலும் தடுக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1890 வாக்கில் லண்டனில் உல்ஃப் க்ராஸ் என்ற பல் டாக்டர், பாக்ஸர்களின் பற்களுக்கு முன்னால் கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலால் செய்த பட்டையை வைத்து அனுப்பினாராம். இன்று அமெச்சூர் பாக்ஸிங்கில் இது இல்லாமல் வளையத்துக்குள் காலே வைக்க முடியாது. அதிலும் சிவப்பு நிறம் கூடாது. ரத்தம் வந்தால் தெரியாமல் போய்விடுமே! டேக்வாண்டோ போட்டிகளில் வெள்ளை அல்லது கண்ணாடி நிறம் மட்டும்தான்.

"இதெல்லாம் போட்டா நிஜமாவே அடி குறையுதா, இல்ல கடைக்காரன் பொழைப்பா?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. நியூசிலாந்து பக்கம் போவோம். நமக்குக் கிரிக்கெட் மாதிரி அவர்களுக்கு ரக்பி. மாடு முட்டுவது போல் மோதிக்கொள்கிற ஆட்டம். 1997-ல் 19 வயசுக்கு உட்பட்டவர்களும், 1998-ல் உள்நாட்டு ரக்பி ஆடுகிற அத்தனை பேரும் ஆட்டத்தின்போது மவுத் கார்டு போட்டே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்த ஊரில் விபத்துச் செலவை அரசாங்க இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொள்ளும். அதனால் எத்தனை பேருக்குப் பல் அடிபட்டது என்ற கணக்கு துல்லியமாக இருக்கும். 1995-ல் ரக்பியால் வந்த பல் க்ளெய்ம்கள் 2,644. 2003-க்குள் அது 43 சதவீதம் குறைந்துவிட்டது! அதே ஆட்டம், அதே முரட்டுத்தனம், வாயில் மட்டும் ஒரு ரப்பர் கூடுதல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'இதைப் போட்டால் மூளை அதிர்ச்சி வராது' என்று சில பாக்கெட்களில் விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். பல்லுக்கும் உதட்டுக்கும் இது பாதுகாப்பு என்பதில் சந்தேகமே இல்லை. மூளைக்கும் பாதுகாப்பு என்பது இன்னும் தீர்மானமாகாத விஷயம். 2024 முதல் உயர்மட்ட ரக்பியில் சென்ஸார் வைத்த மவுத் கார்டு வந்திருக்கிறது. அது அடியின் வேகத்தை அளந்து சொல்லும், அவ்வளவே. தடுக்காது. அதே போல், லெதர் பந்தில் கிரிக்கெட் ஆடுகிற பையனுக்கு முதலில் கம்பி வைத்த ஹெல்மெட். மவுத் கார்டு அதற்கு மேல்தானே தவிர, அதற்குப் பதில் அல்ல.

மூன்று விதம்

முதலாவது, கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது. வாங்கினோம், வாயில் வைத்தோம் என்று முடிந்துவிடும். ஆனால் யார் வாய்க்கும் பொருந்தாது. விழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாயைத் திறந்து 'கேட்ச்!' என்று கத்தினால், அது மைதானத்தில் கிடக்கும். இதை வாங்குவதும் ஒன்றுதான், வாங்காததும் ஒன்றுதான் என்பேன்.

இரண்டாவது, வெந்நீரில் போட்டுக் கடிக்கிற ரகம். ஸ்போர்ட்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் வரை வெந்நீரில் முக்கி, கையில் தொட்டுப் பார்த்துச் சூடு வாய் தாங்கும் என்று தெரிந்தபின் மேல்வரிசையில் வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். உதட்டுக்கு வெளியிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டே, உள்ளே உறிஞ்சச் சொல்ல வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடும். பிள்ளைகள் இதில் ஒரு தப்புச் செய்வார்கள். ஆர்வக் கோளாறில் பலமாகக் கடித்துவிடுவார்கள். கடித்த இடம் காகிதம் மாதிரி மெலிந்து போய்விடும். அப்புறம் அங்கே ஏது பாதுகாப்பு? சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை வெந்நீரில் போட்டுச் செய்து பாருங்கள். பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய காரியம் இது.

மூன்றாவது, பல் டாக்டர் செய்து கொடுப்பது. பல் செட்டுக்கு எடுப்பது போலவே வாயில் அச்சு எடுப்பார்கள். அதில் மாவு ஊற்றி உங்கள் பிள்ளையின் பல்வரிசையை அப்படியே வார்ப்பார்கள். ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அந்த வார்ப்பின் மேல் காற்றை உறிஞ்சிப் படிய வைப்பார்கள். (நாம் காலில் போடுகிற மெத்தென்ற செருப்புக்கும் இதே ஈ.வி.ஏ.தான். அதற்காக முகம் சுளிக்காதீர்கள், இது வாய்க்கென்றே செய்த ரகம்!) முன்பல்லுக்கு முன்னால் சுமார் 3 மில்லிமீட்டர், கடிக்கிற இடத்தில் 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. விலை கூடுதல்தான். ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும். ஆனால், வாயைத் திறந்தாலும் விழாது, பேசலாம், தண்ணீரும் குடிக்கலாம்.

என்னைக் கேட்டால்? வாரத்தில் நாலு நாள் ஹாக்கி, பாக்ஸிங், கபடி என்று பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு மூன்றாவதைச் செய்துவிடுங்கள். ஒரு நல்ல ஷூவுக்குக் கொடுக்கிறோம், பல்லுக்குக் கொடுக்கக் கூடாதா? கோடை விடுமுறையில் மட்டும் ஸ்கேட்டிங் போகிறவனுக்கு இரண்டாவதே போதும். கபடியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டியும் தலையும் எதிராளி வாயில் மோதுகிற ஆட்டம் அது. பாஸ்கெட்பாலில் முழங்கை. ஹாக்கியில் மட்டை, பந்து இரண்டுமே.

'மூச்சு முட்டுதும்மா'

போட்ட முதல் நாள் எல்லாப் பிள்ளையும் சொல்கிற புகார் இது. எச்சில் ஊறும், குமட்டும், பேச்சு குழறும். அதற்காகக் கழற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வீட்டில் டி.வி. பார்க்கும்போது பத்து நிமிஷம், மறுநாள் இருபது நிமிஷம் என்று பழக்குங்கள். ஒரு வாரத்தில் வாயில் இருப்பதே மறந்துவிடும். அப்புறமும் குமட்டினால் பின்பக்கம் நீளம் அதிகம் என்று அர்த்தம். டாக்டரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். நீங்களே கத்தரிக்கோல் எடுக்காதீர்கள்.

இன்னொரு சங்கதி. அமெரிக்க பாஸ்கெட்பால் வீரர் ஸ்டீஃபன் கர்ரி மவுத் கார்டைப் பாதி வெளியே தொங்கவிட்டு மென்றுகொண்டே நிற்பதைப் பிள்ளைகள் டி.வி.யில் பார்த்திருப்பார்கள். ஸ்டைலாகத்தான் இருக்கிறது! ஆனால், மென்று மென்று மெலிந்த கார்டு எதற்கும் உதவாது.

மேட்சுக்கு மட்டும் போட்டால் போதுமா என்றால், போதாது. பயிற்சியில் வருகிற பந்து மட்டும் மெதுவாகவா வருகிறது?

பல்லுக்குக் க்ளிப் போட்டிருக்கிற பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். அடி பட்டால் அந்தக் கம்பியே உதட்டைக் கிழிக்கும். ஆனால் வெந்நீர் ரகத்தை வாங்கி நீங்களாக மாட்டிவிடாதீர்கள். கம்பியில் பிடித்துக்கொண்டால் கஷ்டம். பல் நகர இடம் விட்டுச் செய்ய வேண்டும் என்பதால், க்ளிப் போட்ட டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பல் விழுந்தே விட்டால்?

மேலே சொன்னதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள், பல்லை அப்புறம். மயக்கம், வாந்தி, தலைசுற்றல், தடுமாற்றமான பேச்சு இருந்தால் பல்லைப் பற்றிய யோசனையே வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிள்ளை தெளிவாக இருந்தால், இன்னொருவரைப் பல் தேட அனுப்புங்கள். கிடைத்ததும் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரில் விரல் படவே கூடாது. ஏன் தெரியுமா? பல்லை எலும்போடு பிடித்து வைத்திருந்த மெல்லிய நார்களின் உயிரணுக்கள் அந்த வேர் மேல்தான் ஒட்டியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. அவை உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி பிடிக்கும். அம்மா தேய்த்துக் கழுவித் துடைத்தது அந்த அணுக்களைத்தான்!

மண் ஒட்டியிருந்தால் பாலாலோ சலைனாலோ அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில விநாடி காட்டினால் போதும். சோப்பு, டெட்டால், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம்.

அதன்பின் செய்ய வேண்டியதைக் கேட்டால் பயமாக இருக்கும். பல்லை அது இருந்த குழியிலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். முன்பக்கம் முன்னால் இருக்கிறதா என்று பக்கத்துப் பல்லைப் பார்த்து, மெதுவாக அழுத்தி வைத்து, சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் இதைத்தான் முதல் வழி என்கிறார்கள். பல்லுக்கு அதன் குழியைவிட நல்ல இடம் கிடையாது.

கை நடுங்குகிறதா? பிள்ளை விடமாட்டேன் என்கிறானா? அப்படியானால் பால். பிரிட்ஜில் இருக்கிற பாக்கெட் பால் போதும். காய்ச்சியது என்றால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பாலின் உப்புச் சத்தும் தன்மையும் அந்த உயிரணுக்களுக்கு ஒத்துப்போகிறது. வெறும் தண்ணீரில் அவை ஊறி வெடித்துப் போகும். அதனால் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். பேப்பரிலோ பஞ்சிலோ சுற்றிக் காய விடுவது அதைவிட மோசம். பால் கிடைக்கவில்லை என்றால், பையனை ஒரு கிண்ணத்தில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போட்டு எடுத்துப் போகலாம். இளநீர் நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆராய்ச்சிகளில் அதற்கு ஒரே மாதிரி முடிவு கிடைக்கவில்லை. பக்கத்துக் கடையில் பால் இருக்கும்போது இளநீரைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

அரை மணிக்குள் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தால் விசேஷம். ஒரு மணி நேரம் காய்ந்தால் அணுக்கள் பெரும்பாலும் செத்துப் போகும். அதற்காக, நேரமாகிவிட்டதே என்று பல்லைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று வருஷமே நின்றாலும், வளர்கிற வயசில் அது அந்த இடத்து எலும்பைக் காக்கும். டாக்டர் பல்லைப் பொருத்தி சுமார் இரண்டு வாரம் கம்பி கட்டி வைப்பார். வேர் முழுசாக வளர்ந்த பல் என்றால் ரூட் கனாலும் தேவைப்படும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார். அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பால்பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்கவே கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிற நிலையான பல்லின் குருத்தைக் குத்திவிடும். பல் முழுசாக விழாமல் துண்டாக உடைந்தால், அந்தத் துண்டையும் தேடி எடுத்துப் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டுபோங்கள். பல சமயம் அதையே ஒட்ட வைத்துவிட முடிகிறது. ஒன்றுமே உடையவில்லை, லேசாக ஆடுகிறது அவ்வளவுதான் என்றாலும் காட்டிவிடுங்கள். அடிபட்ட பல், மாதங்கள் கழித்து மெல்லக் கறுத்துப் போவதுண்டு. உள்ளே இருக்கிற உயிர்ச்சதை செத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

வைத்திருக்கும் பக்குவம்

ஆட்டம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, காற்றோட்டத் துளை உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். சுத்தமாக இருக்கட்டுமே என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உருவம் மாறிவிடும். வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டாலும் அதே கதிதான். அண்ணன் கார்டைத் தம்பி போடுவது வேண்டாம், அளவும் பொருந்தாது, ஆரோக்கியமும் இல்லை. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அதற்கு இந்த ரப்பர் என்றால் கொள்ளை ஆசை!

பல் விழுந்து முளைக்கிற வயசில் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டி வரும். ஜூன் மாதம் யூனிஃபார்ம் அளவெடுக்கப் போகும்போதே, பழைய கார்டையும் டாக்டரிடம் எடுத்துப் போய்ப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.